சாமாயிகத்தில் அலையும் மனம்

அருகப் பரமனின் திருவடி வாழ்க. 

வைகறைப் பொழுது. ஜினாலயத்தின் முகமண்டபத்தில் ஒரு சிராவகர் பாய் விரித்துச் சாமாயிகத்தில் அமர்கிறார். பஞ்ச நமஸ்கார மந்திரம் நாவில் ஓடுகிறது. விரல் மணிமாலையை உருட்டுகிறது. பதினைந்தாம் மணி நகரும்போது மனம் வயல்வரப்புக்குப் போய்விடுகிறது. வரப்புத் தகராறில் தமையனார் பலர் முன்னிலையில் சொன்ன சொல் மீண்டும் காதில் ஒலிக்கிறது. நாற்பதாம் மணியில், வெளியூரில் வேலைபார்க்கும் மகன் மூன்று நாளாகத் தொலைபேசியில் பேசவில்லை என்னும் கவலை வருகிறது. எழுபதாம் மணியில் அடுத்த மாதம் அடைக்க வேண்டிய கடன் வந்து நிற்கிறது. 108 மணியும் உருண்டு முடிகின்றன. அமர்ந்தபோது இருந்ததைவிட எழும்போது அவருடைய நெஞ்சு கனத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் செய்தும் மனம் நிற்கவில்லையே, இந்த நெறி தமக்கு வாய்க்காது போலும் என்று அவர் எண்ணத் தொடங்குகிறார். சில மாதங்களில் பாய் சுருட்டி வைக்கப்படுகிறது.

சாமாயிகத்தைக் கைவிட்டோரைச் சோம்பேறிகள் என்று ஊரார் சொல்லிவிடுவது எளிது. அவர்களுள் பலர் கைவிட்டமைக்குக் காரணம் சோம்பல் அன்று. இந்த நெஞ்சக்கனமே காரணம். ஆகவே இக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வது அறத்தைக் காக்கும் செயலே ஆகும். மனம் அலைந்ததால் வாட்டம் வந்ததா? அல்லது உள்ளே முன்பே இருந்த வாட்டம் மனத்தை அலையவிட்டதா?

இவ்வினாவை இக்கால உளவியலாரும் எழுப்பியுள்ளனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2010ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2250 பேரின் கைபேசிகளுக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்விகள் அனுப்பப்பட்டன. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அச்செயலில் இருக்கிறதா வேறெங்கேனும் இருக்கிறதா, இந்தக் கணத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்பவை அக்கேள்விகள். கிடைத்த விடைகளுள் 46.9 விழுக்காட்டில் மனம் கைச்செயலில் இல்லை. விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழப் பாதியை மனிதர் வேறிடத்தில் கழிக்கின்றனர் என்பது இதன் பொருள். மனம் செயலில் நின்றபோது இருந்ததைவிட, அலைந்தபோது மகிழ்ச்சி குறைந்திருந்தது. விரும்பாத வேலையைச் செய்யும்போதும் இவ்வாறே இருந்தது. இனிய நினைவுகளில் உலாவியவர்கள்கூடக் கைச்செயலில் நின்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. துன்ப நினைவுகளில் உலாவியவர்களோ மிகவும் தாழ்ந்திருந்தனர். ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட அவர் மனம் எங்கே இருக்கிறது என்பதே அவருடைய மகிழ்ச்சியைக் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவில் நின்றுவிட்டால் அலைவதே பழி என்று தோன்றும். சிராவகரின் அச்சமும் உறுதிப்பட்டுவிடும். ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. ஜோனதன் ஸ்மால்வுட் என்னும் உளவியலாரும் அவருடன் பணிசெய்தோரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு எதிர்த்திசையைக் கண்டனர். அவர்கள் சிலருக்குத் துயரக் காட்சிகளையும் சிலருக்கு மகிழ்ச்சியான காட்சிகளையும் முதலில் காட்டினர். பிறகு கவனம் வேண்டும் எளிய பணி ஒன்றைக் கொடுத்தனர். துயரம் ஏற்றப்பட்டவர்களின் மனமே மிகுதியாக அலைந்தது. 2011இல் வந்த மற்றோர் ஆய்வு, வாடிய மனம் எத்திசையில் அலைகிறது என்பதையும் காட்டியது. அது கடந்த காலத்தை நோக்கியே மிகுதியாகச் செல்கிறது. 2013இல் மைக்கேல் ஃபிராங்க்ளின் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. அலையும் மனம் தனக்கு ஆர்வமூட்டும் பொருளில் ஈடுபட்டிருந்தால் மனநிலை தாழ்வதில்லை, உயரவும் கூடும்.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. அலைதல் வாட்டத்தைத் தரலாம். வாட்டமும் அலைதலைத் தருகிறது; இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. இச்சுழலில் எது நேரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மனம் எதன்மேல் சென்று அமர்கிறது என்பது.

இம்மூன்றாம் செய்தியைக் கேட்கும் ஜைன இல்லத்தாருக்கு ஏற்கெனவே பழகிய ஒரு வீட்டிற்குள் நுழைந்தது போலத் தோன்றும். உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் தியானத்தை வகுக்கும்போது, நல்ல தியானத்தை மட்டும் தியானம் என்று சொல்லவில்லை. ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்கையும் தியானம் என்றே சொல்கிறது. முன்னிரண்டும் பிறவியை வளர்ப்பவை. பின்னிரண்டும் வீட்டுக்கு ஏதுவானவை. கவலையில் மூழ்கிக் கிடப்பவரும் ஒருவகையில் தியானத்தில்தான் இருக்கிறார். அவருடைய மனத்துக்கு ஒருமுகப்படும் ஆற்றல் இல்லாமல் இல்லை. அந்த ஆற்றல் தவறான பொருளில் குவிந்திருக்கிறது.

ஆர்த்த தியானத்தின் நால்வகையைக் கேட்கும் எவரும் தம் வீட்டு நிகழ்ச்சிகளை அதில் காண்பர். வேண்டாதது வந்து சேர்ந்தபோது அது எப்போது ஒழியும் என்று ஏங்குவது முதல் வகை. தமையனாரின் சொல் அத்தகையது. வேண்டியது பிரிந்தபோது அது மீண்டும் வாராதா என்று ஏங்குவது இரண்டாவது. பேசாத மகனைப் பற்றிய நினைவு அத்தகையது. நோயும் வலியும் தீராதா என்று அதிலேயே உழல்வது மூன்றாவது. இனி வரப்போகும் இன்பத்தைக் குறித்து வேட்கையுடன் கணக்கிட்டுக்கொண்டிருப்பது நான்காவது; இதற்கு நிதானம் என்று பெயர். இனிய நினைவுகளில் உலாவுவோரும் கைச்செயலில் நிற்போரைவிட மகிழ்வதில்லை என்று ஆய்வு சொன்னதன் பொருள் இந்நான்காம் வகையை எண்ணினால் விளங்கும். கிடைக்காத இன்பத்தைக் கற்பனையில் தொட்டுவிட்டுக் கண்விழிக்கும்போது கையில் இருப்பது சிறிதாகத் தெரிகிறது.

ரௌத்திரம் இதனினும் கொடியது. கொலை, பொய், களவு, சேர்த்த பொருளைக் காக்கும் வெறி ஆகியவற்றில் மனம் களிப்புடன் நிலைப்பது அது. தமையனாருக்குச் சொல்லவேண்டிய பதில் ஒன்றை மனத்துக்குள் கூர்தீட்டி, அவர் தலைகுனியும் காட்சியைக் கண்டு மகிழும் அந்தக் கணத்தில் ஆர்த்தம் ரௌத்திரமாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்துக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை.

எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு இராசரிசி பிரசன்னச்சந்திரரின் வரலாறு சான்று. சுவேதாம்பர மரபில் ஹேமசந்திராசாரியர் பரிசிஷ்ட பர்வத்தில் இதனை விரித்துரைக்கிறார். போதனபுரத்து அரசராக இருந்த அவர் இளமகனிடம் நாட்டை ஒப்படைத்துத் துறவு பூண்டார். ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தி, கதிரவனை நோக்கித் தவம் செய்துகொண்டிருந்தார். அவ்வழியே சேணிக மன்னரின் படை மகாவீரரை வணங்கச் சென்றது. வீரர் ஒருவர் அத்தவத்தைக் கண்டு போற்றினார். மற்றொருவரோ, பாலகன் தலையில் அரசைச் சுமத்திவிட்டு வந்துவிட்டாரே, அமைச்சர்கள் சூழ்ச்சி செய்து அப்பிள்ளையிடமிருந்து நாட்டைப் பறிக்கப்போகிறார்களே என்று பேசிச் சென்றார்.

உடல் அசையவில்லை. உள்ளே போர் மூண்டுவிட்டது. பிரசன்னச்சந்திரர் மனத்தில் வாளெடுத்து அமைச்சர்களை வெட்டத் தொடங்கினார். அவ்வேளையில் அவரைக் கடந்து வணங்கிச் சென்ற சேணிகர், மகாவீரரிடம், அம்முனிவர் இக்கணம் உயிர்நீத்தால் எக்கதி அடைவார் என்று வினவினார். ஏழாம் நரகம் என்று விடை வந்தது. சேணிகர் திகைத்தார். சற்றுப் பொழுது கழித்து அதே வினாவைக் கேட்டபோது உயர்ந்த தேவலோகம் என்று விடை மாறியது. பேச்சு முடிவதற்குள் தேவதுந்துபி முழங்கியது. அம்முனிவர் கேவல ஞானம் எய்திவிட்டார்.

இடையில் நடந்தது இதுதான். மனப்போரில் ஆயுதங்கள் யாவும் தீர்ந்தபின், மகுடத்தையே பகைவர்மேல் எறிவோம் என்று அவர் கை தலைக்குச் சென்றது. அங்கே மகுடம் இல்லை. மழித்த தலையைக் கை தொட்டது. தாம் யார், எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. வருந்தினார், மீண்டார்.

இவ்வரலாற்றை நரகத்தின் அச்சத்துக்காக மட்டும் சொல்வோர் உண்டு. மீண்ட விரைவுதான் இதில் மிகுதியாக எண்ணத்தக்கது. புறத்தே துறவியாக நின்றவர் அகத்தே கொலைக்களத்தில் இருந்தார் என்பது எச்சரிக்கை. அங்கிருந்து திரும்பிவர அவருக்கு ஒரு தொடுதலே போதுமாயிருந்தது என்பது ஆறுதல்.

ஆகம நெறி இல்லறத்தாரின் மனத்தை எவ்வளவு கனிவுடன் அறிந்திருக்கிறது என்பதற்கு வேறு இரண்டு சான்றுகளும் உண்டு. முதலாவது, சாமாயிகத்தின் அதிசாரங்கள் ஐந்து என வகுத்த இடம். மனத்தைத் தவறாகச் செலுத்துதல், சொல்லைத் தவறாகச் செலுத்துதல், உடலைத் தவறாகச் செலுத்துதல், ஆர்வமின்மை, செய்யவேண்டியதை மறத்தல் என்பவை அவை. மனம் அலைதல் இங்கே அதிசாரம் எனப்படுகிறது. அதிசாரம் என்பது விரதத்தில் விழும் கறை. விரதமே முறிந்துபோவது அன்று. துணியில் கறைபட்டால் துவைத்து உடுத்துவதே வழக்கம். எவரும் துணியை எறிந்துவிடுவதில்லை.

இரண்டாவது, தியானத்தின் கால எல்லை. ஒரே பொருளில் சிந்தையை நிறுத்துதல் உயர்ந்த உடற்கட்டு உடையவர்க்கும் அந்தர்முகூர்த்தம் வரையில்தான் கூடும் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம்; அந்தர்முகூர்த்தம் அதற்கும் உட்பட்டது. இச்சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், சிந்தை பல பொருள்களைப் பற்றுவதால் அசைவுடையதாகிறது என்றும், அசையாத தீச்சுடர்போல் அறிவு ஒளிர்வதே தியானம் என்றும் விளக்குகிறார். காற்று வீசும் உலகில் சுடர் அசைவது இயல்பு. சூத்திரம் மேலும் ஒன்று சொல்கிறது: ஆர்த்தம் அணுவிரதிகளுக்கு மட்டுமன்றி, கவனம் தவறும் நிலையிலுள்ள துறவியருக்கும் நேரக்கூடும். இப்படியிருக்க, வயலும் கடனும் பிள்ளைகளும் உடைய ஓர் இல்லறத்தார் தம் மனம் அலைந்ததற்காகத் தம்மையே வெறுப்பது பொருந்தாது. அவ்வெறுப்பும் வேண்டாதது வந்து சேர்ந்ததற்கு ஏங்கும் ஆர்த்தமே.

அவ்வாறாயின் செய்யத்தக்கது என்ன? தர்ம தியானத்தின் வகைகளைப் பார்த்தால் வழி தெரியும். ஜினவாணியை எண்ணுதல், நெறிதவறி உழலும் உயிர்கள் எவ்வாறு மீளும் என்று எண்ணுதல், வினைகள் பயன்தரும் முறையை எண்ணுதல், மூவுலகின் அமைப்பை எண்ணுதல் என அவை நான்கு. இவற்றுள் எதுவும் மனத்தைச் சங்கிலியால் கட்டுவது அன்று. இறுதியாகச் சொன்ன ஸம்ஸ்தான விசயத்தில் மனம் கீழுலகம், நடுவுலகம், மேலுலகம் எனப் பிரபஞ்சம் முழுதும் செல்லலாம். ஊர்சுற்ற விரும்பும் மனத்துக்கு மூவுலகையும் சுற்றிக்காட்டும் வழி அது. கண்முன் இல்லாததை நினைக்கும் ஆற்றல் மனிதருக்கு வாய்த்த பெரும்பேறு. அதனால்தான் தீர்த்தங்கரரை நினைக்க முடிகிறது, பிற உயிரின் வலியைத் தன் வலியாக உணர முடிகிறது. அவ்வாற்றலை அழிப்பது ஜின நெறியின் நோக்கம் அன்று. அதற்கு நல்ல போக்கிடம் தருவதே நோக்கம்.

பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளும் இப்போக்கிடங்களே. இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். நிலையாமையும் புகலின்மையும் துயரப் பொருள்கள் அல்லவா? வாடிய மனத்துக்கு அவற்றைத் தந்தால் மேலும் வாடாதா?

மகனை இழந்த தாய் ஒருத்தியை நினைத்துப் பார்க்கலாம். சாமாயிகத்தில் அமரும்போதெல்லாம் அவன் கடைசியாகப் பேசிய சொற்கள் வருகின்றன. அன்று வெளியே போகாதே என்று தடுத்திருந்தால் என்னும் எண்ணம் வருகிறது. எண்ணம் அதே தடத்தில் நூறு முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காயம் புதிதாகிறது. வாடிய மனம் கடந்த காலத்தையே நாடும் என்று ஆய்வு கண்டதும், வேண்டியதைப் பிரிந்த ஏக்கம் என்று சாத்திரம் சொன்னதும் இந்தத் தாயின் நிலையையே. அநித்திய பாவனை அவளை மகனை மறக்கச் சொல்லவில்லை. அதே மகனை வேறோர் இடத்தில் நின்று காணச் சொல்கிறது. சேர்ந்தவை யாவும் பிரிகின்றன. எல்லா இல்லங்களிலும் இப்பிரிவு நிகழ்ந்திருக்கிறது. பிரிந்தவனும் தன் வினைவழியே தன் பயணத்தில் இருக்கும் ஓர் உயிர். முன்னதில் எண்ணம் 'என்னுடையது போயிற்றே' என்னும் முளையைச் சுற்றிவருகிறது. பின்னதில் முளை தளர்கிறது; எண்ணம் விரிகிறது. துயரம் இருக்கும், ஆனால் அது அவளை மட்டும் சூழ்ந்த இருளாக இராது. பொருள் ஒன்றாயிருந்தும் மனநிலை வேறாவது இதனால்தான்.

இதில் சுற்றத்தார் அறியவேண்டிய ஒன்றும் உண்டு. அநுப்பிரேட்சை என்பது ஒருவர் தம் உள்ளத்தில் தாமே பயிரிடுவது. துக்கம் நிகழ்ந்த வீட்டில், ஈரம் உலருமுன் தாயின் முன் அமர்ந்து நிலையாமை பேசுவது அறம் ஆகாது. அருகில் இருந்து, ஒரு வாய் சோறு உண்ணச் செய்து, அவள் சொல்வதைக் கேட்பதே அப்போது செய்யத்தக்க அறம். பாவனைக்குரிய காலம் பின்னர் வரும்.

நாள்தோறும் சாமாயிகம் செய்வோர் கடைப்பிடிக்கத்தக்க சில முறைகளையும் சுருக்கமாகச் சொல்லலாம்.

அமர்ந்தவுடன் மந்திரத்தைத் தொடங்காமல், எல்லா உயிர்களையும் பொறுத்து, எல்லா உயிர்களிடமும் பொறுத்தல் வேண்டுவதை உளமாரச் செய்தல் வேண்டும். மனத்தாங்கல் உள்ள ஒருவரை அப்போது குறிப்பாக நினைத்துக்கொள்வது நல்லது. ரௌத்திரத்துக்கு விறகு அங்கேயே குறைந்துவிடும்.

மனம் போய்விட்டது என்று தெரிந்த கணத்தில், போனது எவ்வகையிடம் என்று மட்டும் பார்த்தல் வேண்டும்: வேண்டாததன் சேர்க்கையா, வேண்டியதன் பிரிவா, நோவா, வேட்கையா, சினமா? பெயரிட்டதும் மந்திரத்துக்குத் திரும்பிவிடலாம். திட்டுவதற்கு அங்கே இடம் வேண்டா. பிரசன்னச்சந்திரரின் கை மழித்த தலையைத் தொட்டது போன்றதே இந்தப் பெயரிடுதல்.

மந்திரத்தில் மனம் சற்றும் தங்காத நாள்களும் உண்டு. அந்நாளில் மல்லுக்கு நிற்காமல் பன்னிரண்டு பாவனைகளுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒன்றாக எடுத்தால் பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று நிறைவுறும். மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது அன்றைய அலைதலைக் குற்றவுணர்ச்சியின்றி நேராகக் கண்டு, துவைத்து உலர்த்திவிடுதல் முறை.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். உறக்கமும் உணவும் வேண்டாமற்போய், வாரக்கணக்கில் எதிலும் பற்றின்றி, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஒருவருக்கு வருமாயின் அது பக்தியின் குறைபாடு அன்று; அது நோய். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதுபோலவே அதற்கும் மனநல மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் சமயத்தில் மருந்து கொள்வது இழுக்காகாது. அத்தகையவரைச் சாமாயிகம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லித் தனியே விட்டுவிடுவது உற்றார்க்கு அழகன்று. மருந்தும் துணையும் கிடைத்து மனம் சற்றுத் தேறியபின், இரண்டு நாழிகைக்கு மாறாக ஐந்து நிமிடம் அமர்ந்தாலும் போதுமானது.

முகமண்டபத்தில் அமர்ந்த சிராவகர் மீண்டும் பாய் விரிக்கட்டும். பதினைந்தாம் மணியில் மனம் வரப்புக்குப் போகும், போகட்டும். தமையனாரின் சொல் நினைவுக்கு வரும்போது, வேண்டாததன் சேர்க்கை என்று கண்டுகொண்டு, அவரும் வினைவயப்பட்டு உழலும் ஓர் உயிரே என்று ஒரு கணம் எண்ணி, பதினாறாம் மணிக்கு அவர் வரட்டும். அவ்வாறு நாற்பது முறை போய் நாற்பது முறை திரும்பினாலும் அன்றைய சாமாயிகம் வீணன்று. திரும்பிய ஒவ்வொரு முறையும் வினையின் ஊற்று சற்றே அடைபட்டுச் செறிப்பு நிகழ்கிறது. எழும்போது நெஞ்சு கனமின்றி இருக்கும் நாள்கள் மெல்ல மிகும். என்றேனும் ஒருநாள் சாமாயிகம் முடித்து வீடு திரும்பும் வழியில் அவர் தமையனார் வீட்டு வாயிலில் நின்று நலம் விசாரிக்கவும் கூடும்.

எல்லா உயிர்களும் அமைதி எய்துக. அருகன் அறம் ஓங்குக.